இன்னும் திறக்காத கிற்றார்

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் செல்வராசாவின் கடை இருக்கிறது. முன்பக்கம் முழுக்க ஒலிபெருக்கிகளும் வயர்ச் சுருள்களும். கோயில் திருவிழாக்களுக்கு அவை வாடகைக்குப் போகும். பின்பக்கம் யன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறையில், பிளாஸ்டிக் பாய் விரித்த மேசையின்மேல் இரண்டு கிற்றார்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

நான் சின்னதை எடுத்து, எனக்குத் தெரிந்த ஆறேழு கோர்ட்டுகளை, பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, வரிசையாக அடித்தேன். அதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்து, அதே கோர்ட்டுகளை அதே வரிசையில் அடித்தேன். பிறகு மறுபடியும் சின்னது. வெளியே நடத்துனர் ஒருவர் ‘மன்னார், மன்னார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈயம் உருக்கிப் பற்றுவைத்த புகை அறைக்குள் நின்றது.

“ஐயா, போன வாரமும் இதே பாட்டுத்தான் வாசிச்சீங்க,” என்றார் செல்வராசா.

“பாட்டில்லைத் தம்பி. பரிசோதனை.”

“பரிசோதனைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து இங்க வர்றீங்க.”

பகிடிக்குத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. அந்த நேரத்தில் என் மனைவி புஷ்பம், நடந்து போகிற தூரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்தாள். அது அவருக்குத் தெரியும்.

“டீ சொல்லவாங்க?” என்று கேட்டார். சொல்லச் சொன்னேன்.

திகதி இல்லாத கிழமைகள்

நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரில் இதுவரை திகதி இல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. குளத்து நீர்மட்டத்தையும் மழையையும் பதிவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. முந்தைய அத்தியாயம் ஒன்றில் ஒரு வெள்ளத்தை மாதம் மாற்றி எழுதிவிட்டேன் என்று முல்லைத்தீவு வாசகர் ஒருவர் திருத்தியிருந்தார். அவர் சொன்னதே சரி.

இந்த அத்தியாயத்தில் அவருக்கு வேலை இல்லை. புஷ்பத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வகை நாட்கள்தான் உண்டு. ஒன்று மெசின் நாள், மற்றது மெசின் இல்லாத நாள். அதற்கு மேல் எதையும் குறித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த நோய் புதிதல்ல. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்றும் ஒரு கட்சி இருக்கிறது. நான் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததில் புஷ்பத்துக்கு உதவக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

அவளுக்கு இப்போது தண்ணீர் அளவு. தாகம் எடுத்தால் ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டு, அது கரைகிறவரை பேசாமல் இருப்பாள். மெசினில் இருந்து வந்த நாளில் எழும்பவே மாட்டாள். அறைக்குள் மின்விசிறி சுற்றும். வேலியில் செம்பகப் பறவை கத்தும். அதைவிட்டால் வீட்டில் சத்தமே கிடையாது.

அப்படி ஒரு பின்னேரத்தில்தான் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் முந்தி கிற்றார் அடிக்கிறனீங்கள் எல்லே?”

“அது எந்தக் காலம்.”

“எந்தக் காலமாயிருந்தாலும் விரல் உங்களிட்டத்தானே இருக்கு. கடையில ஒண்டு வேண்டிக்கொண்டு வாங்கோ. வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு.”

“ரீவியைப் போட்டுவிடட்டோ?”

“ஐயோ, வேண்டாம். அதுக்குள்ள விடிஞ்சாப் பொழுதுபட்டா சண்டை.”

சின்னதும் பெரியதும்

நான் மேடையில் வாசித்தவன் அல்ல. வீட்டுக்குள், வேலை முடிந்து வந்து, கால் கழுவிய பிறகு கொஞ்ச நேரம் தட்டுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இவ்வளவு நல்ல கிற்றார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் இருக்கும் எங்கள் மகள் மேகலாவும் அதைத்தான் தொலைபேசியில் கேட்டாள். பிறகு அவளே, “அம்மா ஆசைப்பட்டுக் கேட்டவா எண்டால் நல்லதா வேண்டுங்கோ அப்பா. தகரம் வேண்டிப்போடாதேங்கோ,” என்றாள்.

இரண்டும் நல்லவையாக இருந்ததுதான் சிக்கல். இரண்டின் மேற்பலகையும் ஒட்டுப்பலகை அல்ல, முழு மரம். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சின்னது ஏற்கெனவே ஒருவர் வாசித்தது. வெளிநாடு போன யாரோ கடையில் விட்டுவிட்டுப் போனது. இப்போது செல்வராசாவின் கடைக்கு வரும் நல்ல சாமான்களில் பாதி அப்படி வருகிறவைதான். செம்மண் நிறப் பலகை. மடியில் வைத்தால் உடம்போடு அடங்கும். மெதுவாகத் தொட்டாலே போதும், ஒலி உருண்டையாக, சூடாக எழும். கம்பிகள் பலகைக்குக் கிட்ட இருந்ததால் விறைத்த விரல்களுக்கும் நோகாது.

பெரியது புதியது. வெளிறிய மஞ்சள் பலகை, அகன்ற வயிறு. அணைத்துப் பிடித்தால் வலது தோள் தூக்கிக்கொள்ளும். ஒலி பெரிது, ஆனால் இறுக்கம். இன்னும் பழகாத ஆளோடு பேசுகிற மாதிரி இருந்தது.

“அது இன்னும் திறக்கலைங்க,” என்றார் செல்வராசா.

இதைப் பற்றி நானும் வாசித்திருந்தேன். நல்ல முழுப்பலகைக் கிற்றார் புதிதில் வாய் திறக்காது என்கிறார்கள். வாசிக்க வாசிக்க, மரம் அதிர்ந்து அதிர்ந்து, சில வருடங்களில் ஒலி விரியும். உண்மையா, வாசிப்பவனின் காது பழகுவதா என்று தர்க்கம் உண்டு. செல்வராசாவுக்கு அந்தத் தர்க்கமெல்லாம் இல்லை. அவருடைய அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது கொண்டுவந்த தப்புப் பறை ஒன்று வீட்டில் இருக்கிறதாம். அது அடிக்க அடிக்கத்தான் பேசும் என்பதை அவர் சிறு வயதிலேயே கேட்டறிந்தவர்.

“அஞ்சாறு வருசம் போனா, இது முன்னாடி சின்னது நிக்காதுங்க. ஆனா இன்னைக்கு வாசிக்கிறதுன்னா சின்னதுதான்.”

பெட்டி

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் நாள் கடைக்குப் போனபோது நான் கிற்றார்களை வாசித்துப் பார்க்கவே இல்லை. பெட்டியைத்தான் பார்த்தேன்.

சின்னது கறுப்பு நிறப் பலகைப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தது. நல்ல பூட்டு, உள்ளே வெல்வெட். நான் அதை மூடி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அறைக்குள் நடந்து பார்த்தேன். மறுகைக்கு மாற்றினேன். விளிம்பில் மழைத்தண்ணீர் போகுமா என்று விரலால் தடவினேன். பிறகு கிற்றாரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டு ஆழம் பார்த்தேன்.

செல்வராசா கல்லாவில் இருந்தபடியே கேட்டார். “ஐயா கிட்டார் வாங்க வந்தீங்களா, பெட்டி வாங்க வந்தீங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

A9 வீதியால் சண்டை தெற்கிலிருந்து ஏறி வந்த காலத்தில் நாங்கள் கனகராயன்குளத்தில், இப்போது வீடு நிற்கிற இதே காணியில்தான் இருந்தோம். மேகலா கைக்குழந்தை. என்னிடம் அப்போது ஒரு கிற்றார் இருந்தது, பெட்டியோடு. புறப்படச் சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று முற்றத்தில் நின்று யோசித்தோம். கிற்றாரைப் பெட்டியோடு கொண்டுபோவதென்று நான் சொன்னேன். புஷ்பம் பெட்டியைத் திறந்து கிற்றாரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அதன் இடத்தில் பிள்ளையின் துணிகள், பால்மா, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், இரண்டு சட்டி எல்லாவற்றையும் அடுக்கினாள்.

கிற்றாரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அதன் பெட்டியைக் கொண்டு போனோம்.

மல்லாவிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மழை. கூரையாகத் தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள் நிலம் ஊறியது. பெட்டியை வெறுமையாக்கி, வெல்வெட்டின் மேல் ஒரு சேலையை மடித்துப் போட்டு, அதில் மேகலாவைப் படுக்கவைத்தோம். மூடியைக் கம்பு ஒன்றால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தேன். பார்க்க வந்த சனங்கள், “வாத்தியப்பெட்டிக்குள்ள வளருறவள் பாட்டுக்காரியா வருவாள்” என்று பகிடி விட்டார்கள். மேகலா கணக்காளராக வந்தாள்.

திரும்பி வந்தபோது கட்டிலும் இல்லை, கிற்றாரும் இல்லை. கூரையே இருக்கவில்லை. பெட்டி பிறகு வந்த கடைசி இடப்பெயர்வில் போயிற்று.

இத்தனை வருடத்துக்குப் பிறகும், பஸ் ஓடுகிற ஊரில், மின்சாரம் இருக்கிற கடையில் நின்று, ஓடும்போது தூக்கலாமா என்றுதான் என் கை பார்த்தது. நான் மட்டும் அல்ல. எங்கள் ஒழுங்கையில் புதிதாக மெத்தை வாங்கிய ஒருவர், அது சுருட்டிக் கட்டுப்படுமா என்று கடையிலேயே கட்டிப் பார்த்த கதை உண்டு.

புஷ்பம் கடைக்கு வந்தாள்

சின்னது என்று முடிவு செய்துவிட்டேன். பெட்டிக்காக அல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். என் கணக்கு இதுதான். மெசினில் இருந்து வந்து படுத்திருக்கிறவளுக்குப் பெரிய சத்தம் ஆகாது. சின்னதை அறை வாசலில் இருந்து விரல் நுனியால் வாசிக்கலாம். அவள் கண்ணயர்ந்தாலும் குழப்பாது. அது இன்றைக்கே இனிக்கிறது. ஐந்தாறு வருடம் பொறுத்திருக்கத் தேவையில்லை.

வாங்குவதற்கு முன் அவள் ஒருதரம் கேட்கட்டும் என்று, மெசின் இல்லாத நாள் ஒன்றில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்வராசா கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

“இருங்கம்மா. ஐயா மாசக்கணக்கா யோசிக்கிறாரு.”

“என்னைப் பொம்பிளை பாக்க வந்து, தேத்தண்ணி ஆறமுதல் ஓம் எண்டவர் தம்பி.”

“அப்ப ஒண்டைத்தானே காட்டினவை,” என்றேன்.

செல்வராசா வாய்விட்டுச் சிரித்தார். புஷ்பமும் சிரித்தாள். சிரித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

சின்னதை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். “நல்ல வடிவாயிருக்கு” என்றாள். எனக்குச் சந்தோஷம். நாகரிகத்துக்காகப் பெரியதையும் எடுத்து வாசித்தேன். அவள் எழும்பி வந்து, அதன் பக்கப் பலகையில் இடது கையை வைத்தாள். ஊசி ஏற்றுவதற்காக நாளங்களைச் சேர்த்துத் தைத்த கை அது. தொட்டுப் பார்த்தால் தோலுக்குள் ஏதோ விடாமல் இரைந்துகொண்டிருக்கும்.

“இதுவும் என்ர கையைப் போல இரையுது,” என்றாள். பிறகு செல்வராசாவிடம் திரும்பி, “தம்பி, கனகாலம் போனாப்பிறகு எது நல்லாயிருக்கும்?”

செல்வராசா என்னைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “பெருசுதாங்கம்மா. இப்ப இல்ல. போகப் போக.”

“சத்தம் எதில கூட?”

“அதுவும் பெருசுதான்.”

“அப்ப இதை வேண்டுங்கோ,” என்றாள் என்னிடம்.

“புஷ்பம், நீர் படுத்திருக்கேக்க இது இடி மாதிரிக் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“சின்னதுதானே வடிவெண்டு சொன்னனீர்?”

“வடிவுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று அப்போது சரியாகத் தெரியவில்லை. “பிறகு பாப்பம் தம்பி” என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டும் மேசைமேல் கிடந்தன.

ஓமந்தை தாண்டிய பிறகு

பஸ்ஸில் யன்னல் பக்கம் அவளுக்கு இடம் கிடைத்தது. நொச்சிமோட்டைப் பாலம், ஓமந்தை எல்லாம் கடந்தோம். வெயில் ஏறிய வயல்கள், எரிந்த பற்றைகள். முன்சீட்டில் ஒரு பிள்ளை அழுது ஓய்ந்தது.

புளியங்குளத்துக்குக் கிட்ட அவள் சொன்னாள். வெளியே பார்த்தபடிதான் சொன்னாள்.

“சின்னது நான் இருக்குமட்டும் நல்லாயிருக்கும்.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“இஞ்ச பாருங்கோ. எனக்குப் பக்கத்துக் கட்டில் ரீச்சர் மூண்டு மெசினா வரேல்லை. நீங்கள் ஏனெண்டு கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. ரெண்டு பேருக்கும் தெரியும்தானே.”

நான் முன்சீட்டுக் கம்பியை எட்டிப் பிடித்தேன்.

“நீங்கள் எனக்கு வேண்டப் பாக்கிறியள். நான் உங்களுக்கு வேண்டச் சொல்லுறன். நான் போனாப்பிறகு அந்த வீட்டுக்குள்ள நீங்கள் தனிய. மேகலாவிட்டப் போகமாட்டீங்கள், எனக்குத் தெரியும். உந்தச் சின்னச் சத்தம் உங்கட நெஞ்சுக்குள்ளயே கிடந்து சுத்தும். வீடு நிறையிற மாதிரி ஒண்டு வேணும். அஞ்சாறு வரியத்தில திறக்குமெண்டால், அஞ்சாறு வரியம் நீங்கள் இருந்து அதை வாசிக்கவேணும்.”

நடத்துனர் ரிக்கற் கேட்டு வந்தார். ஏற்கெனவே எடுத்ததை மறந்து மறுபடி சட்டைப்பைக்குள் கைவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் எடுத்திட்டியள் ஐயா,” என்று தாண்டிப் போனார்.

அவளுடைய கணக்குச் சரி. அதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெரியதை வாங்குவதென்றால் அந்தக் கணக்குக்கு நானும் சம்மதித்தேன் என்றாகிவிடும். அதுதான் என்னால் முடியாமல் இருந்தது. கடையில் வந்த கோபமும் அதுதான்.

கனகராயன்குளத்தில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். படி உயரம். “நீர் சொல்லுறது விளங்குது” என்றேன். “விளங்கினால் சரி” என்றாள்.

அடுத்த மெசின் நாளில் அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு நேரே ஒழுங்கைக்குப் போனேன். “பெரியது” என்றேன். செல்வராசா அதை எடுத்து, புதுக் கம்பி மாற்றி, சுருதி கூட்டித் தந்தார். அதற்குப் பெட்டி கிடையாது. ஒலிபெருக்கி மூடுகிற பழைய துணி உறை ஒன்றில் சுற்றித் தந்தார். பின்னேரம் பஸ்ஸில் அது எங்கள் இருவருக்கும் நடுவே நின்றபடி வந்தது. புஷ்பம் அசதியில் அதன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

கதவு

முதல் கிழமைகளில் நான் ஒரு தந்திரம் செய்தேன். கம்பிகள் முடிகிற கட்டைக்குப் பக்கத்தில், கம்பிகளுக்குக் கீழே பழைய சாரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகினேன். அப்படிச் செய்தால் பெரிய கிற்றாரின் வாய் பாதி அடைந்துவிடும். ஒலி சின்னதாக, பக்கத்திலேயே விழும். மெசின் நாள் பின்னேரங்களில் கூடத்துக் கதிரையில் இருந்து அப்படியே வாசித்தேன். ஏறக்குறைய செல்வராசாவின் கடையில் விட்டுவந்ததைப் போலவே கேட்டது.

சில நாட்களுக்குப் பிறகு அறைக்குள் இருந்து அவள் குரல் வந்தது.

“என்ன, கிற்றாருக்குத் தடிமனோ, மூக்கடைச்சுக் கிடக்கு?”

“நீர் நித்திரை கொள்ளும்.”

“துணி கிணி வைச்சிருக்கிறியளோ?”

“ஓம்.”

“எடுங்கோ.”

“இப்பதானே மெசினால வந்தனீர். தலையிடிக்கும்.”

“தலையிடிச்சாச் சொல்லுறன். எடுங்கோவன்.”

எடுத்தேன்.

“அறைக் கதவையும் சாத்துங்கோ.”

“அதேன்?”

“சாத்திப்போட்டு வாசியுங்கோ. நீங்கள் தனிய இருக்கேக்க எப்பிடிக் கேக்குமெண்டு எனக்குத் தெரியவேணும்.”

நான் எழும்பிப் போய்க் கதவில் கைவைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஊசி குத்திய கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து இருந்து, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒருதரம் அடித்தேன்.

ஒலி கூடம் முழுக்க எழும்பிற்று. குசினிக்குள் தட்டுகள் இலேசாகக் கிணுகிணுத்தன. கூரைச் சீற்றுவரை போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது கோர்ட், மூன்றாவது கோர்ட். எங்கேயும் அடைக்கவில்லை. வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்த வரிசை முடிந்தது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். நடுவில், அறைக்குள் ஒரு அசைவும் அசுமாத்தமும் இல்லை என்று பட்டது. கம்பிகளைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காதுகொடுத்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. கிற்றாரைக் கீழே வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் பயம்.

“ஏன் நிப்பாட்டினீங்கள்?” என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. “நான் இப்ப இஞ்சதான் இருக்கிறன். வாசியுங்கோ.”